பாவையும் மலையும்: நிலையாமை பற்றிச் சில குறிப்புகள்

எம்.ஏ. தமிழ் படித்த யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பியிருக்க முடியாது: 'சங்க இலக்கியத்தில் இயற்கை – கட்டுரை வரைக.' அருவி, மயில், வேங்கைப்பூ, முல்லைக்கொடி என்று பத்திக்கு ஒன்றாக அடுக்கி, நடுவில் வேர்ட்ஸ்வொர்த் பெயரை ஒரு தரம் போட்டுவிட்டால் திருத்துகிறவருக்குத் திருப்தி. நானும் போட்டேன். நல்ல மார்க்கே கிடைத்தது. அந்த விடைத்தாளில் நான் எழுதிய கொல்லிமலைக்கும், சேந்தமங்கலத்திலிருந்து ராசிபுரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோடு கூடவே வருகிற கொல்லிமலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பது உறைக்கத்தான் பல வருஷம் ஆனது.

அந்த விடைத்தாளைத் திரும்ப எழுதிப் பார்க்கிற முயற்சிதான் இது. என் கேள்வி ஒன்றே ஒன்று. அழகு அழியக்கூடியது, அழிவதனாலேயே அது அழகு என்று ஓர் உணர்வு நமக்குள் ஊறிக் கிடக்கிறது. மலையைப் பார்த்ததும் பெருமூச்சு வருகிறதே, அந்த உணர்வு. இது எங்கிருந்து வந்தது? வந்த இடத்தில் எதையெல்லாம் பார்க்க விடாமல் செய்தது?

ரொமாண்டிக் கவிதை தமிழுக்குள் நுழைந்த வாசல் நமக்குத் தெரியும். (புனைவியல், கற்பனாவாதம் என்று ஆளுக்கொரு பெயர் வைத்துப் பார்த்தோம். எதுவும் ஒட்டவில்லை.) எட்டயபுரத்தில் பாரதி 'ஷெல்லிதாசன்' என்று தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டார். ஷெல்லி பெயரில் ஒரு சங்கமும் வைத்தார். பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையோடு நற்றிணை அச்சில் வந்தது 1915இல். அதாவது, கொல்லிப்பாவை ஏட்டிலிருந்து இறங்கி அச்சுக்கு வந்தபோது, அவளைப் பார்க்கக் காத்திருந்த கண்கள் ஏற்கெனவே ஷெல்லியையும் கீட்ஸையும் படித்த கண்களாக இருந்தன. இந்தக் கால வரிசையை நம் இலக்கிய வரலாறுகள் யோசிப்பதேயில்லை. சங்க இலக்கியம் முதலில், ஷெல்லி பிறகு என்றே நினைத்துக்கொள்கிறோம். வாசிப்பின் வரலாற்றில் அது தலைகீழ்.

1950களில் இது புலமையாகவும் நிலைபெற்றது. தனிநாயகம் அடிகள் பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். மு.வ.வின் ஆய்வேடு, சங்க இலக்கியம் இயற்கையை எப்படிக் கையாள்கிறது என்பது பற்றியது, 1957இல் நூலாக வந்தது. இருவரையும் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. சங்கப் பாட்டில் இயற்கை தனக்காக நிற்பதில்லை, மனித வாழ்வுக்குப் பின்புலமாகவே நிற்கிறது என்பதை இருவருமே கண்டு சொன்னவர்கள். பதில் சரிதான். ஆனால் கேள்வி? 'உங்களிடம் இயற்கைக் கவிதை உண்டா?' என்ற கேள்வியே ஆங்கிலேயனுடைய கேள்வி. அதற்கு 'உண்டு, வேறு மாதிரி உண்டு' என்று நாம் பதில் சொல்லத் தொடங்கிய நிமிஷத்தில் இயற்கை என்பது தனியாக எடுத்துவைத்துப் பார்க்கக்கூடிய ஒரு பண்டமாகிவிட்டது. அடுத்த தலைமுறை பேராசிரியர்களும் நோட்ஸ் போட்டவர்களும் மு.வ.வின் பதிலைத் தவறவிட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

நம்மிடம் நிலையாமைக்குக் குறைச்சல் இல்லை. தொல்காப்பியர் காஞ்சி என்று ஒரு திணையே ஒதுக்கினார். குறளில் அதற்கு ஓர் அதிகாரம். நாலடியார் தொடங்குவதே செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்று மூன்று அதிகாரங்களோடுதான். ஆனால் அந்தச் சமண முனிவர்கள் அழியும் அழகைக் காட்டியது எதற்கு? விடு என்று சொல்வதற்கு. கீட்ஸ் அதே அழிவைக் காட்டிப் பிடித்துக்கொள் என்கிறார். இரண்டும் ஒன்றல்ல. இதைக் குழப்பி 'நிலையாமை பாடிய கீட்ஸும் நாலடியாரும்' என்று ஒப்பியல் கட்டுரை எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். அது இலக்கண விஷயம். அழிந்தது என்பது தன்வினை. அழித்தார்கள் என்பது பிறவினை. நிலையாமையின் மொழி பெரும்பாலும் தன்வினையிலேயே ஓடும். பூ உதிர்ந்தது, இளமை கழிந்தது, ஊர் பாழ்பட்டது. யார் செய்தது என்று கேட்க அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. சமணருக்கு அது வினைப்பயன். ரொமாண்டிக் கவிக்கு அது காலம். இரண்டு பக்கமும் எழுவாய் தப்பித்துக்கொள்கிறது.

இங்கிலாந்திலேயே இதை நோண்டிப் பார்த்துவிட்டார்கள். வேர்ட்ஸ்வொர்த் 1798 ஜூலையில் வை ஆற்றங்கரையில் டின்டர்ன் மடத்துக்குச் சற்று மேலே நின்று எழுதிய கவிதையை நம் ஆங்கில இலக்கிய மாணவர்கள் தலைகீழாகச் சொல்வார்கள். ஐந்து வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான், ஆறு அப்படியே இருக்கிறது, தான் மாறிவிட்டான். ஜெரோம் மெக்கான் 1983இலும் மார்ஜோரி லெவின்சன் 1986இலும் கேட்டது இதுதான்: அந்தக் கரையில் அப்போது இரும்பு உலைகள் எரிந்துகொண்டிருந்தன, இடிந்த மடத்தில் பிச்சைக்காரர்கள் தங்கியிருந்தார்கள், அவர்களெல்லாம் கவிதையில் எங்கே போனார்கள்? ரேமண்ட் வில்லியம்ஸ் அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1973இல், நாட்டுப்புறம் பற்றிய ஆங்கிலக் கவிதையின் ஏக்கம் உழைப்பை மறைத்துவிட்ட ஏக்கம் என்று நிறுவியிருந்தார். வேர்ட்ஸ்வொர்த்தின் பிற்காலத்தையும் பாருங்கள். 1844இல் விண்டர்மியர் ஏரிப்பக்கம் ரயில் வருகிறது என்றதும் எதிர்த்துப் பத்திரிகைக்கு எழுதினார். கூலிக்காரர்கள் கூட்டமாக வந்து இறங்கினால் அந்த அழகை ரசிக்கத் தெரியுமா என்பது அவர் கவலை. அழகுக்குப் பட்டா போடுவது இப்படித்தான் தொடங்குகிறது.

இந்த விமர்சனங்களைப் படித்த புதிதில் எனக்கு ஒரு போதை இருந்தது. கவிஞனைக் கூண்டில் நிறுத்தி 'அங்கே இருந்தவர்கள் எங்கே?' என்று கேட்பதில் ஒரு வக்கீல் சுகம் இருக்கிறது. கீட்ஸ் அந்தச் சுகத்தைக் கெடுத்தார். 1819 செப்டம்பரில் எழுதிய இலையுதிர்காலக் கவிதையில், தலையில் சுமையோடு ஓடையைக் கடக்கிற ஒரு கதிர் பொறுக்கியின் சாயல் வந்துபோகிறது. அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குவது இங்கிலாந்து ஏழைகளின் பழைய வழக்கம். அது சட்டப்படியான உரிமை இல்லை என்று 1788இல் ஒரு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கீட்ஸ் அந்தத் தீர்ப்பை நினைத்து எழுதினாரா? எனக்கு அது முக்கியமில்லை. அந்த உருவம் அங்கே நிற்கிறது, சுமையோடு நிற்கிறது. எங்க பக்கத்தில் கடலைக்காய் பிடுங்கி முடித்த காட்டில் குழந்தைகளோடு உட்கார்ந்து மண்ணைக் கிளறி மிச்சக் கடலை பொறுக்குகிற பொம்பளைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ஓடைக்காரியை அடையாளம் தெரியும். காட்டுக்காரர் விட்டால் பொறுக்கலாம், விரட்டினால் போக வேண்டும். அது உரிமையா பிச்சையா என்ற கேள்வி இங்கேயும் தீரவில்லை.

சரி, வேர்ட்ஸ்வொர்த் வை ஆற்றங்கரையில் நின்ற அதே வருஷங்களில் இந்தப் பக்கம் என்ன நடந்தது? 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாரமகாலையும் சேலத்தையும் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு நிர்வாகத்துக்கு வந்தார். கூட மூன்று உதவியாளர்கள். அவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ, கிளாஸ்கோவில் பிறந்தவர். 1799 வரை தருமபுரியை மையமாக வைத்து வேலை பார்த்தார். வயல் வயலாக அளந்து, மண்ணைத் தரம் பிரித்து, நஞ்சை புஞ்சை தோட்டம் என்று வகை கட்டி, ஒவ்வொரு ரயத்துக்கும் இவ்வளவு என்று தீர்வை போட்டார்கள். பிற்பாடு சென்னை மாகாணம் பூராவும் பரவிய ரயத்துவாரி முறைக்கு உழவு போட்டது இந்த மண்ணில்தான்.

மன்றோ வறட்டு ஆள் இல்லை. டான் கிஹோட்டே படிப்பதற்காக ஸ்பானிஷ் கற்றவர். ஊரிலுள்ள தங்கைக்கு நீளநீளமாகக் கடிதம் எழுதுவார். கிளெய்க் 1830இல் வெளியிட்ட அவர் வரலாற்றில் அந்தக் கடிதங்கள் இருக்கின்றன. தருமபுரியில் ஒரு தோட்டம் போட்டு வளர்த்தார். கன்னடக் கடற்கரைக்கு மாற்றலாகிப் போன பிறகு பாரமகாலை நினைத்து ஏங்கினார். 'ரொமாண்டிக்' என்ற சொல்லையே அந்த நாட்டுக்குப் போட்டார். அங்குள்ள ஒவ்வொரு மரமும் மலையும் தன்னைக் கட்டிப்போட்டது போல எழுதினார்.

இதைப் பாசாங்கு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஏக்கம் நிஜம்தான். அதுதான் விஷயமே. மண்ணை அளக்க ஒருவன் அதற்கு வெளியே நிற்க வேண்டும். மண்ணைக் காட்சியாகப் பார்க்கவும் அதற்கு வெளியே நிற்க வேண்டும். ஒரே ஆள், ஒரே குதிரை, ஒரே தூரம். சர்வே சங்கிலியும் பெருமூச்சும் அந்தத் தூரத்திலிருந்தே வந்தன. மன்றோவுக்கு நிலையாமை ஒரு மாறுதல் உத்தரவாக வந்தது. அவர் அளந்த வயலில் ஏர் பிடித்தவனுக்கு அது கிஸ்தி பாக்கியாக வந்தது. முன்னது கடிதத்தில் ஏறியது, பின்னது கணக்கில் ஏறியது. ரொமாண்டிசிசத்தை நாம் புத்தகத்தில் வந்த சரக்கு என்று நினைக்கிறோம். ஷெல்லிதாசனுக்கு ஒரு நூறு வருஷம் முன்பே அது வருவாய்த்துறை வழியாகச் சேலத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. பின்னால் 1820களில் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பி பயிரிட வழி திறந்தார். மலையின் அழகைக் கண்டுபிடித்ததும் மலையைத் தோட்டமாக்கியதும் ஏற்காட்டில் ஒரே கதை. பாராட்டாகவே சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

இந்தப் பின்னணியோடு திரும்பிப் போய்க் கொல்லிப் பாட்டுகளைப் படித்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நற்றிணை 201, பரணர் பாட்டு. 'அவளை மறந்துவிடு' என்கிற பாங்கனுக்குத் தலைவன் பதில் சொல்கிறான். கொல்லியில் ஒரு பாவை இருக்கிறாள். காற்று மோதினாலும், மழை அடித்தாலும், இடி விழுந்தாலும், நிலமே கிளர்ந்தாலும் அவளுடைய உருவம் கெடாது. அவளைப் போல இவளும் என் நெஞ்சை விட்டுப் போகமாட்டாள். இந்தப் பாட்டில் 'இயற்கை' என்ற சொல்லே வருகிறது. நம் விடைத்தாள் இயற்கை இல்லை, தன்மை என்ற பொருளில். அதுவும் எந்தத் தன்மை? அழியாத தன்மை. நாம் அழகு என்றால் அழிவது என்று பாடம் பண்ணி வைத்திருக்கிறோம். பரணருக்கு இயற்கை அழியாதது.

கீட்ஸின் கிரேக்கத் தாழி ஞாபகம் வரும். வரத்தான் வேண்டும். அங்கேயும் காலம் தொடாத ஓர் உருவம், ஒருபோதும் வாடாத காதலி. ஆனால் தாழியில் எனக்குப் பிடித்த இடம் வேறு. பலி கொடுக்க ஊரே கிளம்பிப் போய்விட்டது. தெருக்கள் காலி. ஏன் காலியானது என்று சொல்ல ஒருத்தரும் திரும்பி வரப்போவதில்லை. காலமற்ற அழகுக்கு ஓர் ஊர் காலியாக வேண்டியிருக்கிறது என்று கீட்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அகநானூறு 209இல் அந்த இடத்தில் நகர்ந்து போகவில்லை. தலைவன் வேங்கடம் தாண்டிப் பொருள் தேடப் போய்விட்டான். உன் அழகை அவன் மறக்கமாட்டான் என்று தோழி தேற்றுகிறாள். அழகுக்கு உவமை கொல்லிப்பாவை, நிலைத்த தெய்வம் செய்தது. ஆனால் அந்தப் பாவைக்கு வந்து சேர்வதற்கு முன்னால் தோழி ஒரு முகவரி சொல்கிறாள்: முள்ளூர் மன்னன் காரி இருக்கிறானே, அவன் ஓரியைக் கொன்று, சேரருக்குத் தூக்கிக் கொடுத்த மலை அது. காதல் பாட்டின் நடுவில், ஆறுதல் சொல்கிற வாயில், ஒரு கொலை, ஒரு கைமாற்றம். வினைகள் இரண்டும் செயப்படுபொருளோடு வருகின்றன. கொன்றது யார், கொல்லப்பட்டது யார், மலை யாரிடமிருந்து யாருக்குப் போனது, எல்லாம் பெயரோடு. பாவை நிலையானவள், மலைக்குச் சொந்தக்காரன் நிலையானவன் இல்லை. ஆனால் அந்த நிலையாமை காலத்தால் வந்ததில்லை, காரியால் வந்தது.

இதை வைத்துச் சங்கப் புலவர்களைப் போராளிகளாக்கிவிட வேண்டாம். சேரனுக்குக் கொடுத்ததைப் பாடுவதில் சேரன் பக்கச் சந்தோஷமும் இருக்கலாம். ஓரியின் குடிகள் பாட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொல்வது சின்ன விஷயம். எழுவாயை மறைக்காமல் அழகைப் பாட முடிந்திருக்கிறது. திணை என்பதற்குள் நிலமும் தொழிலும் தெய்வமும் சண்டையும் சேர்ந்தே கிடந்ததால் அது முடிந்தது. அருவியை மட்டும் தனியாக வெட்டி எடுத்து 'இயற்கை வருணனை' என்று சட்டம் போட்டு மாட்டியது நாம்.

இந்த மாவட்டத்தின் நவீன கவிதையும் இதைச் சரிசெய்யவில்லை என்பது என் அபிப்பிராயம். சி.மணி சேலத்துக்காரர், ஆங்கிலம் கற்பித்தவர். 'நரகம்' 1962இல் 'எழுத்து'வில் வந்தது. 1968இல் சேலத்திலிருந்து 'நடை' பத்திரிகை தொடங்கிற்று, எட்டு இதழ்தான் வந்தது. அதன் பாதிப்பு எண்ணிக்கைக்கு அடங்காது. ரொமாண்டிக் பெருமூச்சைத் தமிழ்க் கவிதையிலிருந்து வெளியேற்றியதில் அவருக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அவர் பாடுவதற்குத் தேடிய நரகம் மாநகரத் தெருவில் இருந்தது. எலியட் காட்டிய வழி அது. ரொமாண்டிசிசத்தை மறுத்த வேகத்தில் மலையையும் சேர்த்து மறுத்தாயிற்று. அப்படிக் கைவிடப்பட்ட மலையைச் சினிமாப் பாட்டு எடுத்துக்கொண்டது. ஏற்காட்டுச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வேறு இருந்தது, கேட்க வேண்டுமா. வானம்பாடிகள் வந்தார்கள், எங்க சேலத்துத் தமிழ்நாடனும் அவர்களில் ஒருவர். சமூகக் கோபம் இருந்தது. ஆனால் அதுவும் வானம், விடியல், சிறகு என்று உருவகமாகவே பறந்தது. கொல்லிமலையில் என்ன விளைகிறது என்று எந்தப் பக்கமும் யாரும் கேட்கவில்லை.

என்ன விளைகிறது? சாமை, தினை, கேழ்வரகு விளைந்த மலை அது. இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி தட்டுப்பட்டபோது சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் முளைத்தது. மரவள்ளி, எங்க பேச்சில் குச்சிக்கிழங்கு, சமவெளியெல்லாம் பரவியது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. கிழங்கு மலையும் ஏறியது. மலையாளிப் பழங்குடிகளின் சாமைக் காடுகள் ஒவ்வொன்றாகக் கிழங்குக் காடாயின. 1990களில் ஆராய்ச்சி நிறுவனங்கள் வந்து சிறுதானிய விதைகளைத் தேடிச் சேகரிக்க வேண்டிய நிலை. இன்னொரு பக்கம், மேட்டூர் அலுமினிய ஆலைக்காகச் சேர்வராயனிலும் கொல்லியிலும் மலை உச்சியை வெட்டிப் பல வருஷம் பாக்சைட் எடுத்தார்கள். பாவையை அழிக்க முடியாதவை என்று பரணர் போட்ட பட்டியலில் காற்று உண்டு, மழை உண்டு, இடி உண்டு, நிலநடுக்கம்கூட உண்டு. பொக்லைன் இல்லை.

ஒரு ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வாரம் மேலே போயிருந்தேன். ஓரி விழாவின் தோரணங்கள் செம்மேட்டில் இன்னும் கழற்றப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தன. ஆகாய கங்கை அருவிக்கு இறங்குகிற படியில் கீழேயிருந்து வந்த கூட்டம். வேர்ட்ஸ்வொர்த் பயந்த கூட்டம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன், நானும் அதில் ஒருத்தன் என்பதால் உடனே கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. டீக்கடையில் ஒரு பெரியவர், மலையாளி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 'பாவையப் பாக்க வந்தீங்களா?' என்று கேட்டார். எட்டுக்கை அம்மனைத்தான் சொன்னார், இங்கே அவள்தான் கொல்லிப்பாவை. நான் சாமையைப் பற்றிக் கேட்டேன். 'சாமையெல்லாம் போச்சுங்களா பெரியவரே?' என்றுதான் கேட்டேன். என் வாக்கியத்தைக் கவனியுங்கள், தன்வினை.

'அது எங்கீங்க போவும்? அது போவல. நாங்கதான் உட்டோம். உட வெச்சாங்க. கெழங்குல காசு பொரண்டுச்சு, புள்ளய நாமக்கல்லுல படிக்க வெச்சேன்.'

விட்டோம், விட வைத்தார்கள், படிக்க வைத்தேன். மூன்றும் அவர் வாயில் சாதாரணமாக வந்தன. புலம்பலும் இல்லை, ஏக்கமும் இல்லை. சாமை போனதில் தனக்கும் ஒரு கை உண்டு, தன் கையைப் பிடித்து நடத்தியவர்களும் உண்டு, வந்த காசும் பொய்யில்லை, எதையும் அவர் தள்ளுபடி செய்யவில்லை. இழப்பைப் பற்றி நாம் எழுதுகிற கவிதைகளில், கட்டுரைகளில், நம் துண்டறிக்கைகளிலும்கூட, இப்படி ஒரு வாக்கியத்தை எத்தனை தரம் அனுமதித்திருக்கிறோம்? பழங்குடி என்றால் நாம் எழுதுகிற வாக்கியத்தில் அவர் இழப்பவர், அவ்வளவுதான். இழப்பவருக்கு வினை கிடையாது.

நான் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்ததை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: 'சேலத்துல கெழங்கு இப்ப என்ன வெலைங்க போவுது?'

எனக்குத் தெரியவில்லை.